இது ஆர் வைச்சது?

அவர் எங்கள் அலுவலகத்தில் மூன்று வருடமும் சில மாதங்களும் வேலை செய்தார். அந்தக் காலத்தில் அவர் வாயால் நான் அதிகம் கேட்டது ஒரு கேள்விதான்: "இது ஆர் வைச்சது?" குரலில் கோபம் இருக்காது. பேருந்தில் மறந்துபோன குடையைக் கையில் எடுத்து இது ஆருடையது என்று கேட்பதுபோலக் கேட்பார். பதில் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகமாட்டார்.

பெயரைச் சொல்லவில்லை. இப்போது கொழும்பில் பெரிய வேலையில் இருக்கிறார். பெயர் போடாமல் எழுதியதற்காக என்னோடு சண்டை பிடிப்பார் என்றும் தெரியும்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதியில், ஒரு வலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முகாமையாளரோடு சேர்த்து ஆறு பேர். மீன்பிடிப் படகுகளுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி செய்தோம். படகு எங்கே நிற்கிறது என்பதை அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்மதி என்கிற செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும் பெட்டி. கரையில் ஒரு திரையில் அந்தப் படகு ஒரு புள்ளியாகத் தெரியும். பெட்டியைப் பொருத்துவதும் சோதிப்பதும் என் வேலை. பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு வேண்டிய இயங்குதளத்தைக் கட்டித் தருவது அவருடைய வேலை.

அதைக் கட்டுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. அது நூற்றுக்கணக்கான கோப்புகளை வாசித்து, ஆயிரக்கணக்கான மாறிகளுக்குப் பெறுமானம் எடுத்து, கடைசியில் பெட்டிக்குள் போடக்கூடிய ஒரே கோப்பாகத் தரும். எந்த நேர வலயம், எத்தனை செக்கன் காத்திருப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது எல்லாமே மாறிகள். சிக்கல் என்னவென்றால் ஒரே மாறிக்குப் பத்து இடத்தில் பெறுமானம் வைக்கலாம். வெறும் சமன்குறி போட்டால் இதுதான் என்று அர்த்தம். முன்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தால், அதுவரை வேறு ஒருவரும் வைக்காவிட்டால் இது. இரண்டு கேள்விக்குறி என்றால், கடைசிவரை ஒருவருமே ஒன்றும் வைக்கவில்லை என்றால் மட்டும் இது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னுக்கு நிற்கும் கட்டாய முறையும் ஒன்று உண்டு. கடைசியில் வென்ற பெறுமானம் எது, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் வைத்தது என்று அந்தக் கருவியிடமே கேட்கலாம். அவர் வருவதற்கு முன் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பெட்டி வேலை செய்தால் சரி.

அவர் ஒவ்வொரு வரிக்கும் மேலே இரண்டு விஷயம் எழுதச் சொன்னார். வைத்தவர் பெயர், ஏன் வைத்தார் என்பது.

வந்த முதல் மாதத்திலேயே நாற்பத்தைந்து என்ற ஒரு எண்ணில் வந்து நின்றார். பெட்டி உயிர்பெற்றதும் செய்மதி ரேடியோ தயாராக நாற்பத்தைந்து செக்கன் காத்திருக்கும். ஏன் நாற்பத்தைந்து என்று எங்களுக்குத் தெரியாது. முன்பு வேலை செய்து தோஹாவுக்குப் போன ஒரு பொடியன் வைத்தது. அவர் அவனுடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்.

"நாப்பத்தஞ்சோ?" அவன் நெடுநேரம் யோசித்தான். பிறகு சிரித்தான். "அக்கா, அது என்ட பழைய பைக் நம்பரின்ட கடைசி ரெண்டு இலக்கம். ஏதாவது ஒண்டு போடத்தானே வேணும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் "சரி, நன்றி" என்று வைத்துவிட்டு, எட்டுப் பெட்டிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். மழையிலும் வெயிலிலும் மூன்று நாள் அளந்தார். குளிர்ந்த மழையில் ரேடியோ தயாராக அறுபத்திரண்டு செக்கன்வரை எடுத்தது. விடிய மழைக்குள் தொழிலுக்குப் போகிற படகுகளின் முதல் தகவல் அடிக்கடி வராமல் போவதற்கு இரண்டு வருடமாக நாங்கள் அன்ரெனாவைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் எழுபது என்று மாற்றி, மேலே தன் பெயரையும் மழையைப் பற்றி ஒரு வரியும் எழுதினார்.

தம்பலகாமத்தில் அக்காவின் வீட்டிலிருந்து கண்டி வீதியில் பேருந்தில் வருவார். அலுவலக வரவுப் புத்தகத்தில் எல்லோருக்கும் எட்டரை என்று முகாமையாளரே முன்கூட்டி எழுதிவைப்பார். நாங்கள் கையெழுத்து மட்டும் போடுவோம். அவர் ஒருநாள் எட்டரையை வெட்டி ஒன்பது பத்து என்று எழுதி, பக்கத்தில் "வீதியில் யானை" என்று காரணமும் எழுதியிருந்தார்.

"பிள்ளை, எல்லாருக்கும் எட்டரை எண்டுதான் போடுறது. ஒரு பிரச்சினையும் வராது," என்றார் முகாமையாளர்.

"நான் எட்டரைக்கு வரேல்லையே, சேர்."

முகாமையாளர் மற்றவர்களைப் பார்த்தார். நாங்கள் திரைகளைப் பார்த்தோம். அடுத்த மாதத்திலிருந்து நேரத்தை அவரவரே எழுதவேண்டி வந்தது. அதற்காக அவரை ஒருவரும் வாழ்த்தவில்லை.

ஒரு தை முதலாம் திகதி, அதாவது ஜனவரி ஒன்று, தேநீர் போட்டுத் துப்புரவு வேலையும் பார்க்கிற மலரக்கா அவருக்குப் பிறந்தநாள் என்று கோப்பில் பார்த்து ஒரு கேக் செய்து கொண்டுவந்தா. அவர் வெட்டினார், எல்லோருக்கும் கொடுத்தார், தானும் சாப்பிட்டார். பிறகு சொன்னார், "கேக் நல்லாயிருக்கு மலரக்கா. ஆனா நான் இண்டைக்குப் பிறக்கேல்ல."

சண்டையில் சம்பூரிலிருந்து சனம் எழும்பிப் போன நேரம் அவருக்குப் பத்துவயது அளவில். பிறப்புப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது. முகாமில் பதிந்தவர் கேட்டபோது தாய் பக்கத்தில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தா. பதிந்தவர் தை ஒன்று என்று எழுதிவிட்டார். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பல்கலைக்கழகம் எல்லாம் அந்தத் திகதியிலேயே போனது. மாரி தொடங்கிய கிழமை, வெள்ளிக்கிழமை விடிய என்று தாய் சொல்வா. அதைத் திருத்துவதற்காக அவர் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நடந்துகொண்டிருந்தார். அந்தக் கதையை எங்களுக்கு ஒரு தகவலாகத்தான் சொன்னார். மலரக்காதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

இனிச் சொல்வது நான் செய்தது.

மேசையில் பெட்டிகளைச் சோதிக்கும்போது அவை அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்மதிக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். கரைத்திரையில் படகுகளுக்கு நடுவே என் மேசையும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது தொல்லையாக இருந்ததால் என் மடிக்கணினியில் மட்டும், அனுப்பும் இடைவெளியைப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று மாற்றினேன். சாதாரணமாக மாற்றியபோது வேறு கோப்பு அதை மீறிவிட்டது. அதனால் கட்டாய முறையில் வைத்தேன். மேலே பெயரோ காரணமோ எழுதவில்லை. என் கணினிதானே என்று நினைத்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, இயங்குதளம் கட்டுகிற பெரிய கணினியின் மின்வழங்கி எரிந்துபோனது. கிண்ணியாவில் பன்னிரண்டு படகுகளுக்குப் புதிய பதிப்புப் போடுவதாக அங்குள்ள மீனவர் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மாரி தொடங்கிவிட்டது. முகாமையாளர் அவசரப்படுத்தினார். இயங்குதளம் கட்டுபவரோ அன்று விடுமுறை. பிறந்த திகதி விஷயமாகக் கச்சேரிக்குப் போயிருந்தார். நான் தொலைபேசியில் கேட்டேன்.

"என்ட மடிக்கணினியிலேயே கட்டட்டோ?"

"அதில உங்கட சோதனை மாற்றம் ஒண்டும் இல்லையே, ரவியண்ணா?"

"இல்லை. எல்லாம் சரி."

பொய் சொல்லவில்லை. மறந்திருந்தேன். அவருக்குப் பின்னால் ஒருவர் வரிசை எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அப்ப சரி, கட்டுங்கோ," என்றார்.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணியளவில் ஜெஸீமா என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வந்தா. கிண்ணியாவைச் சேர்ந்த ரஹீம் நானாவின் மனைவி. ரஹீம் நானாவும் தம்பியும் இன்னொருவரும் முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போனவர்கள் விடியத் திரும்பவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை. திரையில் படகைப் பார்த்தோம். குச்சவெளிக்கு நேர் கிழக்கே புள்ளி அசையாமல் நின்றது.

"நங்கூரம் போட்டு நிக்கிறாங்கள் போல," என்றார் முகாமையாளர்.

சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார். விடிந்ததிலிருந்து நான்கு படகுகள் அந்த இடத்தைச் சுற்றித் தேடுகின்றன, ஒரு பலகைகூட இல்லை என்றார். புள்ளி அங்கே நிற்கிறது, படகு அங்கே இல்லை. அப்படியென்றால் படகு அடியில் கிடக்கிறது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெஸீமாவுக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருந்து, முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினா.

அவர் தன் மேசையிலிருந்து எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். "இந்தப் புள்ளி எத்தினை மணிக்கு வந்தது?"

எங்கள் திரை புள்ளியை மட்டும் காட்டும், நேரம் காட்டாது. அரைமணித்தியாலத்துக்கு மேல் பழசாக இருக்காது என்பதால் நேரம் தேவைப்படவில்லை. இரண்டு தகவல் தொடர்ந்து தவறினால் எச்சரிக்கை மணி அடிக்கும். மணியும் அடிக்கவில்லை. அவர் பின்னால் உள்ள பதிவுகளைத் திறந்தார். கடைசித் தகவல் முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்கு. அடுத்தது எப்போது என்று பெட்டியே கரைக்குச் சொல்லும். பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து என்று சொல்லியிருந்தது.

என் மடிக்கணினியில் வைத்த பன்னிரண்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் அந்தப் பதிப்பு கட்டப்பட்டபோது சேமித்த கோப்பை எடுத்து அந்த மாறியின் வரலாற்றைக் கேட்டார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அவர் வைத்த அரைமணித்தியாலம், காரணத்தோடும் பெயரோடும் முதலில் வந்தது. கீழே அதை மீறிய ஒரு வரி. அந்தக் கோப்பின் பாதையிலேயே என் பெயர் இருந்தது. என் மடிக்கணினியின் பெயர் அதுதான். வாசித்தார் என்பது நிச்சயம். ஆனாலும் திரும்பாமல் கேட்டார்.

"இது ஆர் வைச்சது?"

ஜெஸீமா கதிரையில் இன்னும் அழுதுகொண்டிருந்தா.

"நான்."

"வேற எதையாவது மாத்தினீங்களோ?"

"இல்லை. இது மட்டும்."

"சரி," என்றார். தொலைபேசியை எடுத்துச் சங்கத் தலைவரிடம் கதைத்தார். "ஐயா, திரையில இருக்கிற இடம் இப்பத்தைய இடம் இல்லை. நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு நிண்ட இடம். பதினைஞ்சு மணித்தியாலம் பழசு. படகு அடியில தாண்டிருக்கு எண்டு நினைக்க வேண்டாம். இப்ப நீரோட்டம் எந்தப் பக்கம்?"

"மாரியில தெற்கால இழுக்கும் மகள்."

"அப்ப அங்க தேடுறதை விட்டிட்டுத் தெற்கால போகச் சொல்லுங்கோ. வாழைச்சேனைப் படகுகளுக்கும் அறிவியுங்கோ."

பிறகு ஜெஸீமாவின் முன்னால் முழங்காலில் இருந்து அதையே இன்னொருமுறை மெதுவாகச் சொன்னார். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. படகு மூழ்கியது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொன்னார். அன்று இருட்டுவதற்குள் மற்றப் பதினொரு பெட்டிகளின் பெறுமானத்தையும் திருத்தினார்.

மூன்றாம் நாள் காலை, வாழைச்சேனைக்கு நேர் கிழக்கே, தகவல் கிடைத்திருந்த ஒரு பெரிய படகு அவர்களைக் கண்டது. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. இயந்திரம் நின்றதும், அதைத் திருத்தி இயக்கிப் பார்க்கப்போய் ரஹீம் நானாவின் இடது கை அதன் சுழலும் பட்டிக்குள் அகப்பட்டிருந்தது. நடுச்சாமத்துக்குப் பிறகு பற்றரிக்குள் தண்ணீர் போய்ப் பெட்டி செத்துவிட்டது. பெட்டி சொன்னபடி வேலை செய்திருந்தால், அதற்குமுன் பன்னிரண்டு தடவையாவது இடத்தை அனுப்பியிருக்கும். விடிந்ததும் தேடிப் போனவர்கள் மத்தியானத்துக்குள் பிடித்திருப்பார்கள். இரண்டு நாள் தாமதத்தில் காயம் அழுகி, ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

முகாமையாளர் அறிக்கையில் "செய்மதித் தொடர்பில் ஏற்பட்ட தடங்கல்" என்று எழுதினார். அவரோ தானாக வேறு ஒரு அறிக்கை எழுதினார். இரண்டு பக்கம். கோப்பின் பெயர், வரி எண், என் பெயர். அதன்கீழ் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்: "வேறு கணினியில் கட்ட அனுமதித்தவர் நான். மாற்றம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பார்க்கவில்லை."

"இதை அனுப்பினா ஒப்பந்தம் போகும்," என்றார் முகாமையாளர். "மலருக்கும் வேலை போகலாம். யோசிச்சீங்களோ?"

"யோசிச்சனான் சேர்."

"பிறகு?"

"அடுத்த முறை புள்ளி அசையாம நிண்டா, சனம் செய்மதியில பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கும். எந்த மாதிரிப் பிழை வரும் எண்டு அவைக்குத் தெரியவேணும்."

முகாமையாளர் அனுப்பவில்லை. எழுதியவரே சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தார். "ரவியண்ணா, நாளைக்குக் கிண்ணியாவுக்குப் போவம்."

"ஏன்? அறிக்கையில என்ட பேர் இருக்குத்தானே."

"அது சங்கத்துக்கு. அந்த வீட்டுக்கு ஆர் சொல்லுறது?"

எனக்கு அவர்மேல் அந்த நேரம் வந்தது வெறுப்புத்தான். போகாமல் இருந்தால் தனியாகப் போவார் என்று தெரிந்ததால் போனேன்.

ரஹீம் நானா விறாந்தையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. என்னைக் கூட்டிவந்தவர் பேச்சைத் தொடங்கவில்லை. நான்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார். சொன்னேன். மாறி, பெறுமானம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி அரைமணித்தியாலத்துக்கு ஒருக்கா அனுப்பவேண்டியது, நான் மாற்றியதால் அரைநாளுக்கு ஒருக்கா அனுப்பியது, திருப்பி மாற்ற மறந்துவிட்டேன் என்றேன்.

ரஹீம் நானா கையைப் பார்த்தார். ஜெஸீமா என்னைப் பார்த்தா.

"அண்டைக்கு நான் உங்கட ஒபீசில இருந்து அழக்குள்ள நீங்க பக்கத்திலதான் நிண்டீங்க. அப்பவே தெரியுமா?"

"இவ கேட்டாப் பிறகுதான் ஞாபகம் வந்தது."

"இவ கேட்காட்டி?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் திரும்ப வைத்தேன்.

"விடு ஜெஸீமா," என்றார் ரஹீம் நானா. "தேத்தண்ணியக் குடிங்க ரெண்டு பேரும், ஆறுது. குடிச்சிட்டு அந்தப் பெட்டியக் கழட்டிக்கொண்டு போங்க. எனக்கு வேணாம்."

கழட்டினேன். பேருந்தில் திரும்பும்போது அவர் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பேருந்து கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. அதன்பிறகு நான் கேட்டேன், "இப்ப உங்களுக்கு நிம்மதியோ?"

"இல்லை," என்றார். அவ்வளவுதான்.

சங்கம் ஒப்பந்தத்தில் பாதியை நிறுத்தியது. இரண்டு மாதத்தில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஒருவர் மலரக்கா. என்னை நிறுத்தவில்லை, பெட்டியைப் படகில் பூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிழை செய்தவன் இருக்க, தேத்தண்ணி போட்டவ போனா. அவர் மலரக்காவின் வீட்டுக்கு இரண்டு முறை போனார் என்று பிறகு அறிந்தேன். மலரக்கா கதவைத் திறக்கவில்லையாம். அதற்கு நான்கு மாதம் கழித்து அவர் தானாகவே வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனார். பிறந்த திகதி அதற்குள் திருந்தியதா என்று நான் கேட்கவில்லை.

அவர் செய்தது சரியா என்று என்னைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேர் உயிரோடு வந்தது அவர் கேட்டதால். இரண்டு குடும்பங்களின் வருமானம் போனதும் அவர் எழுதியதால். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு சொல்ல எனக்கு ஏலாது.

போன வருடம் ஒரு நாள் ஜெஸீமா மறுபடி எங்கள் படியேறி வந்தா. ரஹீம் நானாவின் தம்பி புதுப்படகு எடுத்திருக்கிறார், அதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்றா. சுற்றிப் பார்த்தா.

"அந்தத் தங்கச்சி எங்க?"

"அவ கொழும்புக்குப் போயிட்டா."

நான் பிறகு பழக்கிய வேறு ஒருவரை அனுப்புவதாகச் சொன்னேன்.

"வேற ஆள் என்னத்துக்கு?" என்றா. "நீங்கதானே வீட்டுக்கு வந்து சொன்ன ஆள். நீங்களே வந்து பூட்டுங்க."

"ரஹீம் நானா சம்மதிப்பாரா?"

"அவருக்கு நான் சொல்லிக்குவன்."

அன்று பின்னேரமே போய்ப் பூட்டினேன். திரும்பி வந்து, நெடுநாளைக்குப் பிறகு கொழும்புக்கு அழைத்து அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். ஜெஸீமா சொன்னதைச் சொன்னபடியே இரண்டுதரம் சொல்லச் சொன்னார்.

"ரவியண்ணா, மலரக்காவுக்கு, ஜெஸீமா வந்து கேட்டதைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"போய்ச் சொல்லுங்கோ," என்றார். "நான் போனா அவ கதவு திறக்க மாட்டா."